கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

அமலராணியை முப்பத்தேழாவது வயதில் மறுபடியும் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். சேர்த்தது ஒருவர் இருவர் இல்லை, நாலு தரப்பு. திண்டுக்கல் சிறுதொழில்காரர்கள் சங்கம் ஒன்று, பாதிரியார்கள் நடத்திய தொழிற்பள்ளி ஒன்று, கார்களுக்கு உதிரிபாகம் செய்கிற ஓசூர்க் கம்பெனி ஒன்று, போதாததற்கு அரசாங்கத் திட்டம் ஒன்று. நாலு தரப்பு ஆட்களும் சேர்ந்து ஒரே ரிப்பனை வெட்டுகிற போட்டோ பயிற்சி மையத்தின் வாசலில் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. கத்தரிக்கோல் யார் கையில் இருக்கிறது என்பது மட்டும் அந்தப் போட்டோவில் தெரியாது. அத்தனை கைகள்.

இது நடந்தது இரண்டாயிரத்து ஆறில். மையம் இருந்தது கரூர் ரோட்டில், ஒரு பழைய பஞ்சு குடோனில். குடோனை நடுவில் கண்ணாடிச் சுவர் வைத்துத் தடுத்து, ஒரு பக்கம் ஏ.சி. போட்டு இரண்டு சி.என்.சி. லேத்துகளை நிறுத்தியிருந்தார்கள். கம்ப்யூட்டரில் எண்களைக் கொடுத்தால் அதுபாட்டுக்கு இரும்பைக் கடைந்து கொடுக்கிற மெஷின். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆபீஸ், அதை ஒட்டி வாசல், வாசலில் ஒரு வேப்பமரம். ஆறு மாதப் பயிற்சி, கடைசியில் பரீட்சை. தேறுகிறவர்களில் முதல் ஏழு பேரை ஓசூர்க் கம்பெனி எடுத்துக்கொள்ளும் என்பது ஒப்பந்தம்.

பதினாறு இடத்தில் பதினைந்து பேர் மீசை அரும்பிய பையன்கள். பதினாறாவது அமலராணி. மில் மூடி வேலை இழந்தவர்களுக்கும் இடம் தரவேண்டும் என்று திட்டத்தின் காகிதத்தில் ஒரு வரி இருந்தது. அந்த வரியைப் பிடித்துக்கொண்டு வந்தவள் அவள் ஒருத்திதான். சங்கச் செயலாளர் பொன்னுத்துரை அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"இது கம்ப்யூட்டர் மெஷினும்மா. நூல் ஒட்டுற வேலை இல்ல" என்றார்.

"கத்துக்கிறேன் சார். நூல் ஒட்டவும் பொறக்கும்போதே தெரிஞ்சுக்கிட்டு வரலையே" என்றாள்.

அவர் பெருமூச்சு விட்டுக் கையெழுத்துப் போட்டார். காகிதத்தில் இருக்கிற வரிக்கு ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான் அவர் கணக்கு.

அமலராணிக்கு அந்த வேலை எதற்கு என்பதை இப்போதே சொல்லிவிடலாம். சம்பளம் வேண்டாம் என்று இல்லை. ஆனால் அவள் அலைந்தது சம்பளத்துக்காக இல்லை. ஆட்களுக்காக. நாகல் நகரில் ஒற்றை அறையில் அவள் தனியாக இருந்து நாலு வருடம் ஆகியிருந்தது. தம்பி ராயப்பராஜைப் படிக்க வைத்து, சென்னைக்கு அனுப்பி, கல்யாணமும் முடித்து வைத்து நிமிர்ந்து பார்த்தபோது அவளுக்கு வயது முப்பத்திரண்டு. அதற்கு மேல் அவளைக் கேட்டு யாரும் வரவில்லை, அவளுக்காகக் கேட்க யாரும் போகவும் இல்லை. அம்மாவும் போன பிறகு, தம்பி கிறிஸ்துமஸுக்கு ஒரு தடவை பக்கத்துக் கடைக்கு போன் பண்ணுவான். மற்ற நாட்களில் காலையில் பால்காரரிடம் ஒரு வார்த்தை, லேபிள் ஒட்டப் போன ஊறுகாய்க் கம்பெனியில் நாலு வார்த்தை, அத்தோடு அன்றைய பேச்சு முடிந்தது. சாப்பிட்டாயா என்று கேட்க ஆள் இல்லாத வீட்டில் சாப்பாடு இறங்குவது கஷ்டம். பல நாள் வெஞ்சனம் வைக்காமல் சோற்றில் வெறும் மோர் ஊற்றிக் கரைத்துக் குடித்துவிட்டுப் படுத்தாள்.

ஓசூர் போனால் ஏழு பேராகப் போகலாம். ஒரே ஊர்க்காரர்கள், ஒரே கம்பெனி, ஒரே ஷிப்ட். சங்கு ஊதினால் சேர்ந்து கிளம்பலாம், சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடலாம். மில்லில் பதினெட்டு வருடம் அப்படித்தான் இருந்தாள். அந்த ஏழு பேரில் ஒருத்தியாகிவிட வேண்டும் என்பதுதான் அவளுக்கு ஒரே நினைப்பு.

மில்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். நூற்பு மெஷின் ஓடுகிற கூடத்தில் பக்கத்தில் நிற்கிறவள் காதில் வாயை வைத்துக் கத்தினாலும் கேட்காது. அவ்வளவு இரைச்சல். அதனால் அங்கே நிற்கிற பெண்கள் சத்தமே இல்லாமல் பேசுவார்கள். உதட்டை மட்டும் நன்றாக அசைத்தால் போதும், இருபது அடி தள்ளி நிற்கிறவள் பார்த்துப் புரிந்துகொண்டு பதில் சொல்வாள். உதட்டுப் பேச்சு என்று அதற்குப் பெயர். புதிதாக வருகிற பெண் ஆறு மாதத்தில் தேறிவிடுவாள். அமலராணிக்கு எதிர் வரிசையில் நின்றவள் பேச்சாயி. நடுவில் நூல் ஏறுகிற நானூறு கதிர் சுற்றிக்கொண்டிருக்க, இரண்டு பேரும் பதினோரு வருடம் ஓயாமல் பேசினார்கள். மாமியார் கொடுமை, கல்யாணச் செலவு, கர்ப்பம், குழம்புக்குப் புளி கூடியது, எல்லாம் உதட்டில்தான். ஒருத்தி உதட்டை இன்னொருத்தி படித்துவிட்டால் அவர்களுக்குள் ஒளிவு மறைவு கிடையாது. படிக்கப்படுவதில் யாருக்கும் அங்கே கூச்சமும் கிடையாது. அழுதுகொண்டே ஒருத்தி சொல்வதை வரிசையில் இருக்கிற பத்துப் பேரும் பார்ப்பார்கள், வீட்டுக்குப் போகிற வழியில் பத்துப் பேரும் அவள் தோளைத் தொட்டுவிட்டுப் போவார்கள்.

ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு. சூப்பர்வைசர்களுக்குக் கண்ணாடி போட்ட அறை ஒன்று கூடத்தின் மூலையில் இருந்தது. அங்கே அவர்கள் பேசுவதையும் பெண்கள் படித்துவிடுவார்கள். யாருக்கு ஆப்சென்ட் போடப் போகிறார்கள், யாரை நிறுத்தப் போகிறார்கள் என்பது அவர்களுக்கு முன்னாடியே தெரியும். ஆனால் தெரியும் என்று மூச்சு விடக்கூடாது. விட்டால் மறுநாளே அறைக்குத் திரை வந்துவிடும். மில்லை மூடப் போகிறார்கள் என்பதைக்கூட அமலராணி அந்தக் கண்ணாடி வழியாகத்தான் முதலில் தெரிந்துகொண்டாள். தெரிந்தும் இரண்டு மாதம் வாயைத் திறக்கவில்லை. மில் மூடியதும் பேச்சாயி மகனோடு திருப்பூர் போய்விட்டாள், மற்றவர்களும் ஆளுக்கு ஒரு திசையில் போனார்கள். அதற்குப் பிறகு அமலராணியின் உதட்டைப் படிக்க ஊரில் ஆளில்லை.

பயிற்சி மையத்தில் முதல் நாள் மத்தியானம் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போனாள். வட்டமாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்த பையன்கள் வாத்தியாரைப் பார்த்த மாதிரி எழுந்துவிட்டார்கள்.

"உக்காருங்க அக்கா" என்றான் அவர்களில் ரொனால்டு என்கிறவன். மரியாதைக்குக் குறைவில்லை. ஆனால் அவள் உட்கார்ந்த பிறகு ஒருத்தனும் வாயைத் திறக்கவில்லை. பதினைந்து பேரும் சோற்றைப் பார்த்துக்கொண்டே தின்று முடித்தார்கள். அவளுக்கே பாவமாகப் போய்விட்டது. மறுநாளிலிருந்து, உள்ளே ஏ.சி. குளிர்ச்சியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு மெஷின் அறையிலேயே சாப்பிட்டாள்.

அங்கே உட்கார்ந்தால் கண்ணாடி வழியாக மரத்தடி நேராகத் தெரியும். பையன்கள் பேசுவதும் தெரியும். மில் வேலை போய் நாலு வருடம் கழித்து, முதல் தடவையாக அமலராணி ஒரு கூட்டத்தோடு உட்கார்ந்து சாப்பிட்டாள். அவள் அப்படித்தான் நினைத்தாள். ரொனால்டு மாதா கோவில் பாடகர் குழுவில் ரீனா என்ற பெண்ணைப் பார்த்து வைத்திருந்தான், அவளுக்கு ஒரு கடிதம் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மூன்று மாதமாகக் கொடுக்கப் பயந்துகொண்டிருந்தான். இஷாக்கின் அத்தாவுக்கு மதுரையில் ஆபரேஷன் என்று முடிவாகியிருந்தது, அத்தா பிழைக்க மாட்டார் என்று அவன் உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டிருந்தான். இதையெல்லாம் அவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள், அமலராணிக்கும் சொன்ன மாதிரிதான் அவள் எடுத்துக்கொண்டாள். இஷாக்கின் அத்தாவுக்காக மூன்று செவ்வாய்க்கிழமை அந்தோணியாருக்கு மெழுகுவத்தி ஏற்றினாள். ரொனால்டின் கடிதத்துக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை, அந்தோணியாரிடம் அதைக் கேட்கவும் கூச்சமாக இருந்தது.

அவர்கள் ஜோக் அடித்தால் இவள் உள்ளே உட்கார்ந்து சிரித்தாள். ஒரு தடவை ரொனால்டு அதைக் கவனித்துவிட்டு, "ஏலே, அக்கா தானாச் சிரிக்குதுடா" என்றான். அவளுக்குப் பஞ்சுத் தலை என்று பட்டப் பெயர் வைத்திருந்ததும் அவளுக்குத் தெரியும். நரைத்த முடிக்காக வைத்த பெயர். முதலில் படித்தபோது நெஞ்சில் சுருக்கென்றது. அன்று சாயங்காலம் கடையில் நின்று தலைச்சாயம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். மறுநாள் மரத்தடியில் இஷாக், "பஞ்சுக்குச் சாயம் போட்டாச்சுடா" என்றான். அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. தங்கள் வீட்டுப் பிள்ளைகள் கேலி பண்ணினால் எவள் கோபித்துக்கொள்வாள்?

வேலையில் அவள் கெட்டிக்காரி. பயிற்சியாளர் ஜெரினுக்கு இருபத்தாறு வயது, கோயம்புத்தூரில் படித்தவன், அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவான். மைக்ரான் என்றால் என்ன என்று அவன் முதல் வகுப்பில் விளக்கினான். ஒரு தலைமுடியின் கனத்தை எழுபதாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு. பையன்கள் வாயைப் பிளந்தார்கள். அமலராணிக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. நூல் ஒரு சுற்றுத் தடித்தாலும் விரலில் தெரிந்துகொண்டவள் அவள். கம்ப்யூட்டர் எண்கள்தான் முதலில் பயம் காட்டின. வீட்டில் பேசுவதற்கு ஆள் இல்லையே, ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து அந்த எண்களோடு மல்லுக்கட்டினாள். மூன்றாவது மாதத்தில் பையன்களுக்கு வருகிற சந்தேகத்தை ஜெரின், "அக்காகிட்ட கேளுங்கடா" என்று தள்ளிவிட ஆரம்பித்தான்.

பரீட்சை ஒரு சனிக்கிழமை. இருபத்தைந்து மில்லிமீட்டர் கனத்தில் ஒரு இரும்புத் தண்டு கடைய வேண்டும், பத்து மைக்ரானுக்கு மேல் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. ஒருவர் ஒருவராக மெஷின் அறைக்குள் போய்க் கடைந்து, நம்பர் எழுதிய தட்டில் வைத்துவிட்டு வரவேண்டும். ஓசூரிலிருந்து கம்பெனி அதிகாரி வந்து ஆபீஸில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பொன்னுத்துரை, மேஜை ஓரத்தில் ஜெரின். அமலராணி கடைசியாக உள்ளே போனாள்.

முதல் சுற்றுக் கடைந்து, நிறுத்தி, அளந்து, கடைசிச் சுற்றுக்கான எண்ணைக் கணக்குப் போட்டுக்கொண்டு நிமிர்ந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பேச்சு நடந்துகொண்டிருந்தது. பொன்னுத்துரைக்கு மீசை கடாமீசை, அவர் பேச்சில் பாதி அதற்குள் போய்விடும். அதிகாரி மழமழவென்று சவரம் செய்த ஆள். பேப்பர் படிக்கிற மாதிரி அவர் உதட்டைப் படிக்கலாம்.

"இந்த அம்மாவ எங்க தங்க வைக்கிறது?" என்றார் அதிகாரி. "ஆம்பளப் பசங்க ஹாஸ்டல். ஒத்தப் பொம்பளைக்காக நான் தனியா இடம் பாக்கணும். வயசு வேற ஆச்சு. ரெண்டு வருஷத்துல முட்டி வலி, இடுப்பு வலின்னு வந்து நிக்கும். எனக்கு எதுக்கு?"

பொன்னுத்துரை மீசைக்குள் என்னவோ சொன்னார்.

"வேலை இல்லைன்னு சொன்னாத்தான் கேள்வி வரும். பெயில்னு போட்டா யார் கேக்கப் போறா? இருபது மைக்ரான் கூடன்னு எழுதிருங்க."

"சார், கிளாஸ்லயே அந்த அக்காதான் முதல்" என்றான் ஜெரின்.

"உனக்கு அடுத்த வருஷமும் இங்க வேலை வேணுமா, வேணாமா தம்பி?"

ஜெரின் தலையைக் குனிந்துகொண்டான். குனிந்த தலையில் படிக்க ஒன்றும் இல்லை.

அமலராணிக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. எது முதலில் வந்தது என்று அவளுக்கே தெரியாது. எப்படிக் கடைந்தாலும் பெயில். தண்டை அப்படியே போட்டுவிட்டு எழுந்து போய்விடலாம் என்று தோன்றியது. போனால் எங்கே போவது? நாகல் நகர் அறை, பால்காரர், ஊறுகாய்ப் பாட்டில். உட்கார்ந்து எண்ணை அடித்தாள். ஒரு தடவைக்கு இரண்டு தடவை சரி பார்த்தாள். மெஷின் கடைந்து முடித்ததும் தண்டைக் கையில் எடுத்துச் சூடு ஆறும்வரை காத்திருந்து தானே அளந்தாள். நாலு மைக்ரான் கூட. பத்துக்குள் நாலு. தட்டில் வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரையும் ஆபீஸுக்குள் கூப்பிட்டு முடிவைப் படித்தார்கள். பொன்னுத்துரை கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு பெயராக வாசித்தார். ரொனால்டு தேறினான், இஷாக் தேறினான். அமலராணியின் பெயர் வந்தபோது அவர் குரல் கொஞ்சம் வேகமாயிற்று.

"அமலராணி. இருபது மைக்ரான் கூடுதல். தேறவில்லை."

"ஐயோ அக்கா" என்றான் ரொனால்டு. நிஜமாகவே வருத்தப்பட்டான்.

"இன்னொரு தடவ அளங்க தம்பி" என்றாள் அமலராணி, ஜெரினைப் பார்த்து.

"அளந்தாச்சும்மா" என்றார் அதிகாரி.

மில்லில் பதினெட்டு வருடம் காத்த கட்டுப்பாட்டை அவள் அந்த நிமிடம் உடைத்தாள்.

"நீங்க அளக்கவே இல்ல சார். நான் உள்ள மெஷின் கிட்ட இருக்கும்போதே இருபதுன்னு எழுதச் சொல்லிட்டீங்க. ஒத்தப் பொம்பளைக்காகத் தனியா இடம் பாக்கணுமான்னு கேட்டீங்க. ரெண்டு வருஷத்துல முட்டி வலின்னு நிக்கும்னீங்க. இந்தத் தம்பி, அக்காதான் முதல்னு சொல்லுச்சு. அதுக்கு, அடுத்த வருஷம் வேலை வேணுமா வேணாமான்னு கேட்டீங்க. இதுல ஒரு வார்த்த பொய்யின்னா, தேறலன்னு சொன்னத நான் ஒத்துக்கிறேன்."

அதிகாரிக்கு முகம் செத்துவிட்டது. அவர் ஜெரினைப் பார்த்தார், ஜெரின் நான் இல்லை என்று கையை விரித்தான்.

"கதவு சாத்தியிருந்துச்சே. உனக்கு எப்படிக் கேட்டுச்சு?" என்றார் பொன்னுத்துரை.

"கேக்கல சார். பாத்தேன். மில்லுல நாங்க உதட்டப் பாத்தே பேசிக்குவோம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பேசுனாலும் தெரியும்."

மைக்ரோமீட்டரை ஜெரின் எடுத்தான். யாரும் சொல்லாமல் அவனாகவே எடுத்தான், அதை மட்டும் அவன் கணக்கில் எழுத வேண்டும். தண்டைத் துடைத்து, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி தூக்கிப் பிடித்து அளந்தான்.

"நாலு. நாலு மைக்ரான்தான் சார்."

அதற்கு மேல் நாலு தரப்பும் சேர்ந்து என்ன செய்ய முடியும்? திட்டத்தின் காகிதத்தில் மில் தொழிலாளி என்று எழுதியிருக்கிறது, மில் தொழிலாளி எதிரே நிற்கிறாள், தண்டும் சரியாக இருக்கிறது. அதிகாரி இரண்டு தடவை இருமினார். தங்குவதற்கு இடம் அவளே பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். பார்த்துக்கொள்கிறேன் என்றாள். ஏழு பெயரில் அவள் பெயரும் ஏறியது.

இத்தோடு கதை முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அதிகாரியின் கார் போன பிறகு பையன்கள் வேப்பமரத்தடியில் அவளைச் சுற்றி நின்றார்கள். ஆறு மாதத்தில் முதல் தடவையாக அவளைச் சுற்றி நின்றார்கள். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. ரொனால்டுதான் மெல்ல ஆரம்பித்தான்.

"அக்கா, நீங்க சாப்புடும்போது உள்ள உக்காந்திருப்பீங்கள்ல. அப்ப நாங்க பேசுனது…"

"எல்லாம் தெரியும் அப்பு" என்றாள் அமலராணி சந்தோஷமாக.

மில்லாக இருந்தால் இந்த இடத்தில் எதிரே நிற்கிறவள் சிரித்துக்கொண்டு அவள் கையைப் பிடித்திருப்பாள். அந்த நினைப்பில்தான் அவள் மேலே மேலே பேசிக்கொண்டு போனாள்.

"ரீனாவுக்கு எழுதுன லெட்டர இன்னும் பையிலயே வச்சிருக்கியே, குடுக்க வேண்டியதுதானப்பா? எம்புட்டு நாளைக்குத்தான் பயப்படுவ? இஷாக்கு, அத்தாவுக்கு ஒண்ணும் ஆகாது. நான் மூணு வாரமா அந்தோணியாருக்கு வத்தி ஏத்துறேன். அன்னிக்கி நீ தனியா நின்னு அழுது பொலம்புனியே, அத்தா போயிட்டா அம்மாவ யாரு பாப்பான்னு, எனக்கும் சோறு எறங்கல. பஞ்சுத் தலைன்னு சொன்னதுக்கெல்லாம் நான் கோவிச்சுக்கல. சாயம் போட்டது நல்லாத்தான இருக்கு?"

சிரித்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள். ஒருத்தனும் சிரிக்கவில்லை. ரொனால்டு சட்டைப் பையைக் கையால் மூடிக்கொண்டு நின்றான். இஷாக்கின் முகம் சிவந்துபோயிருந்தது, அவள் கண்ணைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டான். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பக்கம் பார்த்தார்கள். ஆறு மாதத்தில் அந்த மரத்தடியில் என்னென்ன சொன்னோம் என்று ஒவ்வொருத்தனும் மனசுக்குள் தேடிக்கொண்டிருந்தான். அந்த வயதில் அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது.

"செத்த நேரத்துல பஸ் வந்துரும், வாரேன்க்கா" என்று ஒருத்தன் நழுவினான். பின்னாலேயே மற்றவர்களும் போனார்கள். அவள் மட்டும் மரத்தடியில் நின்றாள். என்ன தப்புச் செய்தோம் என்று அவளுக்கு உடனே புரியவில்லை. நாகல் நகரில் ஆட்டோவை விட்டு இறங்கும்போதுதான் புரிந்தது. நின்ற இடத்திலேயே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை ஆபீஸ் பக்கம் கண்ணாடிக்குப் பச்சைத் திரை வந்திருந்தது. பொன்னுத்துரை வெயிலுக்காக என்றார். ஓசூர் கிளம்ப இரண்டு வாரம் இருந்தது, அதுவரை ஏழு பேருக்கும் தனிப் பயிற்சி. ஜெரின் அவளுக்குப் பாடம் சொல்லும்போது மெஷினைப் பார்த்துக்கொண்டு சொன்னான். பையன்கள் மரத்தடியை விட்டுவிட்டுச் சுவருக்குப் பின்னால் போய்ச் சாப்பிட்டார்கள். எதிரே வந்தால் "நல்லாருக்கீங்களா அக்கா" என்பார்கள், அப்புறம் வாய் மூடிக்கொள்ளும். அமலராணி ஒரு நாள் இஷாக்கை மடக்கி, அத்தா எப்படி இருக்கிறார் என்று கேட்டாள்.

"நல்லாருக்காருக்கா" என்றான். வாயருகில் கையை வைத்துக்கொண்டு சொன்னான். ஆபரேஷன் நன்றாக முடிந்துவிட்டது என்பதை அவளுக்குச் சொன்னது வாட்ச்மேன்தான்.

கடையில் சொல்லிவிட்டுத் தம்பிக்கு போன் போட்டாள். ஓசூரில் வேலை கிடைத்திருக்கிறது என்றாள். "இந்த வயசுல எதுக்குக்கா?" என்றான் ராயப்பராஜ். நல்லது என்று சொல்லத் தெரியாத பிள்ளையை வளர்த்திருக்கிறோமே என்று நினைத்துக்கொண்டே போனை வைத்தாள். ஓசூரில் ஒரு கன்னியர் மடத்தில் வேலை பார்க்கிற பெண்களுக்கு அறை தருகிறார்கள் என்று பங்குச்சாமியார் கடிதம் எழுதிக் கொடுத்தார். கட்டில் ஒன்று, அலமாரி ஒன்று. அங்கேயும் ஒற்றை அறைதான்.

கம்பெனி வேன் விடிகாலையில் வந்தது. ஆறு பையன்களும் பின்னால் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். டிரைவருக்குப் பக்கத்து சீட்டை அக்காவுக்கு என்று ஒதுக்கியிருந்தார்கள், மரியாதையாகத்தான். வேன் கரூர் ரோட்டில் ஏறி, மையத்தைத் தாண்டி, வேடசந்தூரையும் தாண்டியது. பின்னால் சத்தமே இல்லை. ஆறு பிள்ளைகள் முதல் முதலாக வேலைக்குப் போகிறார்கள், ஒரு பேச்சு இல்லை. புளிச்சோறு கட்டிக்கொண்டு வந்திருந்தாள், எட்டுப் பேருக்குக் காணும். கேட்கலாம் என்று திரும்பினாள். ரொனால்டு கர்ச்சீப்பை எடுத்து வாயைத் துடைக்கிற மாதிரி வைத்துக்கொண்டான். இஷாக் கையை வைத்துக்கொண்டான். மற்றவர்கள் ஜன்னலுக்குத் திரும்பினார்கள்.

"அப்புறமா சாப்புடுவோம்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு முன்னால் திரும்பிக்கொண்டாள்.

டிரைவரின் தலைக்கு மேல் இருந்த கண்ணாடியில் ஆறு முகமும் தெரிந்தன. வாயிலிருந்து கைகள் இறங்குவதும் தெரிந்தது. ரொனால்டு என்னவோ சொல்ல உதட்டைப் பிரித்தான். அமலராணி கண்ணை மூடிக்கொண்டாள். இறுக்கி மூடிக்கொண்டு தலையைச் சீட்டில் சாய்த்தாள்.

கொஞ்ச நேரம் போயிற்று.

"ஏலே, அக்கா தூங்கிருச்சுடா" என்று ஒரு குரல் கேட்டது.

"நெசமாவா?"

"அசைவே இல்லடா."

அவ்வளவுதான், வேன் கலகலத்துவிட்டது. ரொனால்டு கடிதத்தைக் கொடுத்தே விட்டானாம், ரீனா அதை வாங்கிப் பாட்டுப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாளாம். இஷாக்கின் அத்தா ஆஸ்பத்திரியில் பிரியாணி கேட்டு நர்சிடம் திட்டு வாங்கினாராம். ஓசூரில் குளிர் எப்படி இருக்கும், முதல் சம்பளத்தில் என்ன வாங்குவது, ஹாஸ்டலில் யார் யார் ஒரே அறை என்று ஓயாத பேச்சு. அமலராணி அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். சிரிப்பு வந்தபோது பல்லைக் கடித்து அடக்கினாள். கழுத்து வலித்தது, கால் மரத்தது. கரூர் போயிற்று, நாமக்கல் போயிற்று.

சேலம் தாண்டி ஒரு டீக்கடையில் வேன் நின்றது. கதவுகள் திறந்தன. இஞ்சி தட்டிப் போட்ட டீ வாசனை உள்ளே வந்தது. காலையிலிருந்து அவள் பச்சைத் தண்ணீர்கூடக் குடித்திருக்கவில்லை.

"அக்காவ எழுப்பவாடா? பாவம்டா" என்றது இஷாக்கின் குரல், அவள் ஜன்னலுக்குப் பக்கத்தில்.

"வேணாம்டா. முழிச்சுக்கிச்சுன்னா மறுபடியும் வாயப் பொத்தணும்" என்றான் ரொனால்டு.

இஷாக் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றான். அவன் மூச்சு அவளுக்குக் கேட்டது. பிறகு செருப்புச் சத்தம் டீக்கடைப் பக்கம் போயிற்று. எல்லோரும் டீ குடித்துவிட்டு வந்து ஏறினார்கள், வேன் கிளம்பியது, பேச்சு விட்ட இடத்திலிருந்து மறுபடியும் ஆரம்பித்தது. ஓசூர் வருகிறவரை அமலராணி கண்ணைத் திறக்கவில்லை.